பெட்டக எண்பூட்டைக் கையால் திறக்கக் கற்பது: எந்தப் பூட்டில், எந்த வழியில் தொடங்குவது?

பெட்டகத்தைத் துளையிடாமலும் உடைக்காமலும், முகப்பிலுள்ள டயலை மட்டும் திருப்பித் திருப்பி அதன் எண்களைக் கண்டறிந்து திறப்பதைப் பூட்டுத் தொழிலில் இருப்பவர்கள் மேனிபுலேஷன் என்கிறார்கள். வங்கிக்கோ அரசு அலுவலகத்துக்கோ பெட்டகம் திறந்து கொடுக்கும் தொழிலாளர்களுக்கு மட்டும் உரியதாக இருந்த இந்தத் திறமையை, கடந்த சில பத்தாண்டுகளாகப் பொழுதுபோக்காகவும் பலர் கற்றுவருகிறார்கள். அப்படிக் கற்க விரும்புகிறவர் முதலில் இரண்டு முடிவுகளை எடுக்க வேண்டியிருக்கிறது: எந்தப் பூட்டை வாங்கிப் பழகுவது, யாரிடமிருந்து அல்லது எதிலிருந்து கற்பது. இவ்விரண்டிலும் தவறான தேர்வு செய்தவர்களில் பெரும்பாலோர், திறமை போதாததால் அல்ல, தாங்கள் எங்கே தவறுகிறோம் என்பதைக் காண வழியில்லாததால் சில வாரங்களிலேயே கைவிட்டுவிடுகிறார்கள். ஆகவே, ஓர் அளவீடு பிழையாகிப்போனால் அது ஏன் பிழையானது என்பதை நாமே சரிபார்த்துக்கொள்ள அந்தத் தேர்வு இடம் தருகிறதா என்பதையே இக்கட்டுரையின் அளவுகோலாக வைத்துக்கொள்கிறேன். விலையும் வசதியும் அதற்குப் பிறகுதான்.

ஒப்பிடத் தொடங்குமுன் ஓர் எல்லையைச் சொல்லிவிட வேண்டும். பூட்டுத் திறப்பைப் பொழுதுபோக்காகக் கொண்ட சங்கங்கள், நெதர்லாந்தில் தோன்றிப் பிற நாடுகளுக்கும் பரவிய டூல் அமைப்பு உட்பட, இரண்டு விதிகளை வலியுறுத்துகின்றன. ஒன்று, உங்களுக்குச் சொந்தமான பூட்டை, அல்லது உரிமையாளர் வெளிப்படையாக இசைவு தந்த பூட்டை மட்டுமே தொட வேண்டும். மற்றொன்று, உங்களுடையதே ஆனாலும் அன்றாடப் பயன்பாட்டில் உள்ள பூட்டைத் தொடக் கூடாது. முதல் விதியின் நியாயம் எல்லாருக்கும் தெரியும். இரண்டாவது விதியைச் சிலர் அலட்சியம் செய்கிறார்கள். எண் மாற்றும்போது நிகழும் சிறு பிழைகூடப் பெட்டகத்தை நிரந்தரமாக மூடிவிடக்கூடும்; பிறகு துளையிடுவதைத் தவிர வேறு வழி இருக்காது. நகையும் பத்திரமும் இருக்கும் பெட்டகத்தைப் பயிற்சிக் கருவியாக்குவது விவேகம் அல்ல.

பூட்டின் உள்ளே நடப்பது

தேர்வுகளை எடைபோட, பூட்டு எவ்வாறு இயங்குகிறது என்பது தெரிந்திருக்க வேண்டும். நூறு கோடுகள் கொண்ட டயலிலிருந்து ஒரு தண்டு கதவைத் துளைத்துக்கொண்டு பின்புறம் செல்கிறது. அதன் முனையில் கேம் என்னும் வட்டத் தட்டு தண்டோடு சேர்ந்தே சுழலும்படி பொருத்தப்பட்டிருக்கிறது. அதையடுத்து மூன்று சக்கரங்கள், தண்டோடு பிணைக்கப்படாமல் தாமாகச் சுழலக்கூடியவையாக வரிசையில் நிற்கின்றன. கேமிலுள்ள முளை ஒரு சுற்றில் தன்னை அடுத்துள்ள சக்கரத்தைப் பற்றி இழுக்கிறது. அச்சக்கரம் அடுத்ததை, அது அதற்கடுத்ததை இழுக்கிறது. கேமிலிருந்து மிகத் தொலைவிலுள்ள சக்கரத்தையும் அசைக்கப் பல சுற்றுகள் வேண்டும் என்பதால்தான், முதல் எண்ணுக்கு இடப்புறமாக நான்கு முறையும், இரண்டாவதற்கு வலப்புறமாக மூன்று முறையும், மூன்றாவதற்கு இடப்புறமாக இரண்டு முறையும் திருப்பச் சொல்கிறார்கள்.

ஒவ்வொரு சக்கரத்தின் விளிம்பிலும் ஒரு வெட்டு இருக்கிறது. சக்கரங்களின் மேலே ஒரு நெம்புகோலும், அதோடு இணைந்த குறுக்குப் பட்டை ஒன்றும் தொங்குகின்றன. மூன்று வெட்டுகளும் பட்டைக்கு நேராக வந்து நின்றால் பட்டை உள்ளே இறங்கும். நெம்புகோலின் மூக்கு கேமிலுள்ள பள்ளத்தில் சிக்கும். டயலை மேலும் திருப்பினால் நெம்புகோல் தாழ்ப்பாளை உள்ளிழுக்கும். நூறு எண்கள், மூன்று சக்கரங்கள் என்றால் பத்து லட்சம் சேர்க்கைகள் என்று கணக்குப் பார்க்கத் தோன்றும். நடைமுறையில் எண் ஒன்றேகால் கோடு வரை இப்புறமோ அப்புறமோ விலகினாலும் பூட்டு ஏற்றுக்கொள்கிறது. மூன்றாவது எண்ணை 0 முதல் 20 வரையான பகுதியில் வைக்கக் கூடாது என்ற கட்டுப்பாடும் பெரும்பாலான பூட்டுகளுக்கு உண்டு. இரண்டரைக் கோட்டுக்கு ஓர் எண் என்று கொண்டால் முதலிரு சக்கரங்களுக்கு நாற்பது நாற்பதும், மூன்றாவதற்கு 32ம் தேறும். ஆக 51,200 சேர்க்கைகளே உண்மையில் வேறுபட்டவை.

இத்தனையையும் ஒவ்வொன்றாக முயலத் தேவையில்லாமல் செய்வது ஒரு சிறு குறைபாடு. எவ்வளவு நுட்பமாகக் கடைந்தாலும் மூன்று சக்கரங்களையும் துல்லியமாக ஒரே விட்டத்தில் செய்யவோ, பட்டையை அவற்றுக்கு முற்றிலும் இணையாக நிறுத்தவோ இயலாது. உயரம் சற்றே மாறுபடும் மூன்று பானைகளின்மீது கிடத்திய பலகை, உயரமான பானையில்தான் தங்கும். பட்டையும் அவ்வாறே மூன்றில் உயர்ந்த சக்கரத்தின்மீதே அமர்கிறது. அச்சக்கரத்தின் வெட்டு பட்டைக்குக் கீழே வரும்போது பட்டை மயிரிழையளவு இறங்கி அடுத்த உயர்ந்த சக்கரத்தின்மீது தங்குகிறது. நெம்புகோலின் மூக்கும் அந்த அளவு கேமின் பள்ளத்தில் ஆழ்கிறது. பள்ளத்தின் இரு பக்கங்களும் சரிவாக இருப்பதால், மூக்கு ஆழ ஆழ அது இடப்பக்கத்தைத் தொடும் இடமும் வலப்பக்கத்தைத் தொடும் இடமும் நெருங்கி வருகின்றன. டயலை மெல்லத் திருப்பி அவ்விரு தொடுபுள்ளிகளையும் எட்டில் ஒரு கோடு வரை நுணுக்கமாகப் படித்து, சக்கரங்களை இரண்டரைக் கோடு நகர்த்தி மறுபடியும் படித்து, இவ்வாறு முழுச் சுற்றுக்கும் கிடைக்கும் நாற்பது இணை எண்களைக் கட்டம் போட்ட தாளில் குறித்தால், இரு கோடுகளும் நெருங்கும் இடம் ஒரு வெட்டின் இருப்பிடத்தைக் காட்டும். அது எந்தச் சக்கரத்தினுடையது என்று தனிச் சோதனையால் பிரித்தறிந்து, அந்தச் சக்கரத்தை அங்கேயே நிறுத்திவைத்து, மற்றவற்றைத் தேட வேண்டும்.

திரைப்படங்களில் காதுக்கருவியை வைத்துக் கேட்பதாகக் காட்டுகிறார்களே, அந்தப் படிமத்தை முதலிலேயே மனத்திலிருந்து அகற்றிவிடுவது நல்லது. இது கண்ணும் விரலும் தாளும் சேர்ந்து செய்யும் அளவீட்டு வேலை. எண் விழும் ஓசைக்காகக் காத்திருப்பவர் ஏமாற்றமே அடைவார். நூறு எண்கள் கொண்ட டயலில் கால் கோட்டு வேறுபாட்டைப் பொறுமையாகக் குறித்துவைப்பவர் முன்னேறுவார்.

பூட்டுகளை ஒப்பிட்டால்

அமெரிக்காவின் அண்டர்ரைட்டர்ஸ் லேபரட்டரீஸ் வகுத்த யூஎல் 768 என்னும் தரம் எண்பூட்டுகளைப் பிரிவுகளாக வகுக்கிறது. வீட்டு, அலுவலகப் பெட்டகங்களில் பரவலாகக் காணப்படுவது குரூப் 2. தேர்ந்தவர் ஒருவரின் மேனிபுலேஷன் முயற்சியை 2 மணி நேரம் தாங்க வேண்டியது குரூப் 2எம். 20 மணி நேரம் தாங்க வேண்டியது குரூப் 1. கற்பவர் தொடங்க வேண்டிய இடம் குரூப் 2 என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அந்தப் பிரிவுக்குள்ளும், அதற்கு வெளியிலும், தொடக்க நிலையினரின் கண்ணில் படும் பொருள்கள் பல.

முதலாவது, பெட்டகம் இல்லாமல் தனியாக விற்கப்படும் குரூப் 2 பூட்டு. சார்ஜன்ட் அண்ட் கிரீன்லீஃப் நிறுவனத்தின் 6730 இவ்வகையில் மிகவும் அறியப்பட்டது. இந்நிறுவனத்தைத் தொடங்கிய ஜேம்ஸ் சார்ஜன்ட் 19ஆம் நூற்றாண்டில் தம் காலத்து எண்பூட்டுகளை நுண்ணளவுக் கருவி ஒன்றைக் கொண்டு திறந்து காட்டியவர். அந்த அறிவைக் கொண்டே மேம்பட்ட பூட்டுகளையும், 1870களில் நேரப்பூட்டையும் உருவாக்கியவர். பூட்டைத் திறக்கத் தெரிந்தவரே நல்ல பூட்டைச் செய்கிறார் என்பதை அவர் வாழ்க்கை காட்டுகிறது என்பதால், இந்தப் பொழுதுபோக்கை ஐயத்தோடு பார்ப்பவர்களிடம் நான் முதலில் சொல்வது அவரைப் பற்றித்தான். 6730இல் மூன்று சக்கரங்கள் உண்டு. எண்ணை மாற்றத் தனிச் சாவி உண்டு. பூட்டுப்பெட்டி உள்ளங்கையில் அடங்கும். இதை ஒரு தடித்த பலகையில் பொருத்தி மேசைமேல் நிறுத்திவிட்டால், உண்மையான பெட்டகக் கதவின் பின்னால் இருக்கும் அதே இயக்கம் கைக்கெட்டிய தூரத்தில் கிடைக்கிறது. முன்னால் டயலில் அளக்கிறோம். பின்னால் தாழ்ப்பாள் நகர்கிறதா என்று பார்க்கிறோம். எண்ணை நாமே வைக்கிறோம், நாமே மாற்றுகிறோம். முழுப் பெட்டகத்தின் விலையில் சிறு பங்குதான் ஆகும் என்பதும், எடை குறைவு என்பதால் தொலைவிலிருந்து வரவழைப்பது எளிது என்பதும் கூடுதல் நன்மைகள்.

இதன் மிகப் பெரிய பலன், விடை தெரிந்த கணக்காகத் தொடங்க முடிவது. எண்ணை நீங்களே 30, 65, 80 என்று வைத்துவிட்டு முழுச் சுற்று அளவீடும் எடுத்து வரைபடம் போடுங்கள். வெட்டு இருக்க வேண்டிய இடங்களில் ஏதேனும் ஓர் இடத்திலாவது கோடுகள் நெருங்குகின்றனவா? நெருங்கினால் உங்கள் கை சரியாகப் படிக்கிறது. வேறெங்கோ நெருங்கினால் அது சக்கரத்தின் வட்டக் குறையா, கையின் அழுத்தம் மாறியதா, இடையில் ஒரு சுற்றைத் தவறவிட்டீர்களா என்று தேடலாம். அதே அளவீட்டை மறுநாள் எடுத்து இரண்டு தாள்களையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்க்கலாம். சக்கரத்தின் உண்மையான ஏற்றத்தாழ்வு இரண்டிலும் ஒரே இடத்தில் வரும். கையின் பிழை இடம் மாறும். இந்த வேறுபாட்டைப் பகுத்தறியக் கற்பதே இக்கலையின் பாதி என்று நான் கருதுகிறேன். வேறெந்தத் தேர்வும் இதை இவ்வளவு தெளிவாகக் கற்பிப்பதில்லை.

இரண்டாவது, பக்கத்தை வெட்டிச் சக்கரங்கள் தெரியும்படி செய்த பயிற்சிப் பூட்டு. பூட்டுப் பயிற்சிப் பொருள்கள் விற்பவர்களிடம் கிடைக்கும். முதல் நாளில் இதற்கு நிகர் எதுவும் இல்லை: முளை சக்கரத்தைப் பற்றுவதையும், பட்டை உயர்ந்த சக்கரத்தில் தங்குவதையும் கண்ணால் கண்டுவிட்டால், எத்தனை பக்கம் படித்தாலும் மங்கலாகவே இருந்த கருத்து சட்டென்று தெளிந்துவிடும். ஆனால் அளவீடு பழகும்போது அந்தத் திறப்பே இடையூறாகிறது. வெட்டு எங்கே இருக்கிறது என்று கண் அறிந்துவிட்டால், விரல் அங்கே வேறுபாட்டைக் கற்பனையாக உணரத் தொடங்கும். திறப்பை மூடிவைத்து அளந்து, முடித்தபின் திறந்து பார்க்கும் கட்டுப்பாடு உள்ளவருக்கு இது சிறந்த துணை. ஒரே ஒரு பூட்டுதான் வாங்க முடியும் என்றால், நான் வெட்டாத பூட்டையே பரிந்துரைப்பேன்.

மூன்றாவது, கடையில் கிடைக்கும் மலிவான தீத்தடுப்புப் பெட்டகம். டயலும் கைப்பிடியும் கொண்டு, பார்க்க அசல் பெட்டகமாகவே தோன்றும் என்பதால் தொடக்க நிலையினர் பலர் இதைத்தான் முதலில் வாங்குகிறார்கள். உள்ளமைப்போ வேறு. இவற்றில் பலவற்றில் பட்டை தானாகச் சக்கரத்தில் அமர்வதில்லை. கைப்பிடியைத் திருகும்போது தள்ளப்படுகிறது. ஆகவே அளக்க வேண்டியவையும் அளக்கும் விதமும் மாறிவிடுகின்றன. 2017இல் லாஸ் வேகஸில் நடந்த டெஃப்கான் என்னும் ஹேக்கர் மாநாட்டில், ஸ்பார்க்ஃபன் என்னும் மின்னணுப் பொருள் நிறுவனத்தின் நிறுவனர் நேதன் சைடல் குழுவினர் தாங்கள் கட்டிய இயந்திரத்தைக் கொண்டு சென்ட்ரிசேஃப் பெட்டகம் ஒன்றை மேடையிலேயே சுமார் அரை மணி நேரத்தில் திறந்து காட்டினார்கள். அந்தப் பூட்டின் மூன்றாவது தட்டில் 12 வெட்டுகள் இருந்தன. அவற்றில் உண்மையான ஒன்று மட்டும் அளவில் வேறுபட்டதை அவர்கள் அளந்து கண்டார்கள். அதன்மூலம் மூன்றாவது எண் முயற்சி இல்லாமலே தெரிந்துவிட்டது. அழகான பொறியியல் சிந்தனை அது. ஆனால் அந்த மாதிரிக்கே உரிய அந்த அறிவு 6730 போன்ற பூட்டுக்குப் பொருந்தாது. அதோடு, பெட்டகம் மூடிக்கொண்டால் பூட்டின் பின்புறத்தை அணுக முடியாது. இருபது முப்பது கிலோ எடையுள்ள பெட்டி ஒன்று மூலையில் கிடக்கும். என் அளவுகோலில் இது பின்தங்கியே நிற்கிறது.

நான்காவது, எண் டயல் கொண்ட தொங்குபூட்டு. மாஸ்டர் லாக் நிறுவனத்தின் 40 எண் டயல் பூட்டு அமெரிக்கப் பள்ளிகளின் அலமாரிகளில் எங்கும் காணப்படுவது. 2015இல் பாதுகாப்பு ஆய்வாளர் சாமி கம்கர் அதன் 64,000 சேர்க்கைகளை எட்டு முயற்சிகளுக்குள் சுருக்கிக் காட்டினார். வளையத்தை இழுத்துப் பிடித்து டயலில் எதிர்ப்புத் தெரியும் இடங்களைக் குறிக்கும் அந்த முறை விரலுக்கு நல்ல அறிமுகம்தான். ஒரு மாலைப்பொழுதில் முடிந்துவிடும். அதற்குப் பிறகு அந்தப் பூட்டில் கற்க ஒன்றும் மிஞ்சாது.

ஐந்தாவதாக, பழைய பொருள் கடையில் பூட்டியபடியே கிடைக்கும், எண் தெரியாத பெட்டகம். இதன் கவர்ச்சி எனக்குப் புரிகிறது. உள்ளே என்ன இருக்கிறதோ என்ற ஆவல் யாரையும் இழுக்கும். ஆனால் கற்பவருக்கு இதைவிட மோசமான ஆசிரியர் இல்லை. மசகு உறைந்து சக்கரங்கள் ஒட்டிக்கொண்டிருக்கலாம், முளை தேய்ந்திருக்கலாம், சக்கரங்கள் நான்காக இருக்கலாம், முன்பு யாரோ திறக்க முயன்று, தாழ்ப்பாளை முடக்கும் காப்பு உறுப்பு விழுந்திருந்தால் சரியான எண்ணுக்கும் பூட்டு திறக்காது. மாதக்கணக்கில் அளந்தும் திறக்காவிட்டால் பிழை உங்களுடையதா பூட்டினுடையதா என்று தீர்மானிக்க எந்த ஆதாரமும் இருக்காது. பத்துப் பதினைந்து பூட்டுகளையாவது கையால் திறந்த பிறகு, வாங்கிய ரசீதைப் பத்திரப்படுத்திக்கொண்டு இதற்கு வரலாம்.

குரூப் 1 பூட்டுகளை இங்கே ஒரே காரணத்துக்காகக் குறிப்பிடுகிறேன்: கடினமானதில் தொடங்கினால் விரைவாகத் தேறலாம் என்று எண்ணுவோர் உண்டு. சார்ஜன்ட் அண்ட் கிரீன்லீஃபின் 8400 வரிசையில் டயலின் நடுவே ஒரு சிறு திருகு இருக்கிறது. எண்களைத் திருப்பி முடித்து, டயலைப் பூஜ்யத்தில் நிறுத்தி, அந்தத் திருகைத் திருப்பும் வரை பட்டை சக்கரங்களை நெருங்கவே நெருங்காது. டயலைத் திருப்பித் தொடுபுள்ளி தேடுகிற முறையின் அடிப்படையையே இது அகற்றிவிடுகிறது. தொடக்க நிலையினர் இதை வாங்கினால் படிக்க எதுவுமே இல்லாத தாளைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்.

கற்கும் வழிகளை ஒப்பிட்டால்

இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபைன்மன் லாஸ் அலமோஸில் அணுகுண்டுத் திட்டத்தில் பணியாற்றியபோது சக விஞ்ஞானிகளின் கோப்புப் பெட்டிகளைத் திறந்த கதையைப் படித்தே பலர் இந்தத் துறைக்கு வருகிறார்கள். அவர் செய்தது என்ன என்பதைத் தெளிவாகப் புரிந்துகொள்வது வழியைத் தேர்ந்தெடுக்க உதவும். அந்தப் பூட்டுகள் இரண்டு எண் வரை விலகினாலும் ஏற்றுக்கொள்வதால், நூறு எண்களுக்குப் பதில் இருபதை முயன்றாலே போதும் என்று அவர் கண்டறிந்தார். பெட்டி திறந்திருக்கும்போது அருகில் நின்று பேசியபடியே டயலைத் திருப்பிக் கடைசி இரு எண்களையும் தெரிந்துகொள்ளும் முறையையும் கண்டறிந்தார். எஞ்சியது இருபது முயற்சிகள் மட்டுமே. தொழிற்சாலை வைத்தனுப்பிய எண்ணையே மாற்றாமல் விட்டவர்களும் அங்கே இருந்தார்கள். அவருடைய வெற்றியில் மனிதர்களின் கவனக்குறைவுக்குப் பெரும் பங்கு உண்டு. பூட்டியே இருக்கும் பூட்டை, அதன் உரிமையாளரைப் பற்றி எதுவும் அறியாமல், அளவீட்டால் மட்டும் திறப்பது வேறு பயிற்சி. அதற்கு வேறு வழிகாட்டல் தேவை.

அந்த வழிகாட்டலை முறையான பாடமாக்கியதில் ஹாரி மில்லருக்குப் பெரும் பங்கு உண்டு. 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் தொடுபுள்ளி அளவீட்டை ஒழுங்குபடுத்தி, அமெரிக்க அரசுப் பணியாளர்களுக்கும் பூட்டுத் தொழிலாளர்களுக்கும் கற்பித்தவர் அவர். கென்டக்கி மாநிலத்தின் நிக்கலஸ்வில் ஊரிலுள்ள லாக்மாஸ்டர்ஸ் அவர் வழியில் வந்த நிறுவனம். இத்தகைய நிறுவனங்களின் நேரடி வகுப்பு, கற்கும் வழிகளில் மிக விரைவானது; அதை மறுக்க முடியாது. டயலைப் பிடிக்கும் விதத்தையும், கோட்டைப் பார்க்கும் கோணத்தையும் பயிற்றுநர் அருகில் நின்று திருத்தும்போது, தனியாகப் பல மாதம் எடுக்கும் திருத்தம் ஒரு நாளில் நடந்துவிடும். ஆனால் இவை தொழில்முறையாளர்களை மனத்தில் கொண்டு அமைந்தவை; கட்டணமும் பயணச் செலவும் தங்கும் செலவும் அதற்கேற்ப இருக்கும். பெட்டகத் தொழிலில் இறங்கும் எண்ணம் உள்ளவர் இந்தச் செலவை முதலீடாகக் கொள்ளலாம். பொழுதுபோக்காகக் கற்பவர், ஓரிரு பூட்டுகளைத் தாமாகத் திறந்த பிறகு, கேட்க வேண்டிய கேள்விகள் கையில் சேர்ந்த பிறகு போனால் கொடுத்த பணத்துக்கு மிகுந்த பயன் கிடைக்கும்.

தனியாகக் கற்பவருக்கு இன்று பெரிய துணை, இலவசமாகக் கிடைக்கும் எழுத்துகள். 2004இல், அப்போது பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய கணினி அறிவியலாளர் மாட் பிளேஸ், குரூப் 2 பூட்டின் உள்ளமைப்பையும் அளவீட்டு முறையையும் படங்களுடன் விளக்கி ஒரு நீண்ட ஆய்வறிக்கை எழுதினார். கணினிப் பாதுகாப்புத் துறையினர் பெட்டகங்களிடமிருந்து கற்க வேண்டியவை உண்டு என்பது அவருடைய வாதம். தொழில் இரகசியம் வெளியாகிறது என்று பூட்டுத் தொழிலாளர் சிலர் கோபப்பட்டார்கள். அவர்கள் கவலையை நான் மதிக்கிறேன். ஆயினும் பூட்டின் பலவீனத்தை அறிந்தவரே எந்தப் பூட்டை எதற்கு நம்பலாம் என்று முடிவு செய்ய முடியும் என்பதால், அந்த அறிக்கை வெளிவந்தது நன்மையே என்பது என் கருத்து. இந்த வழியின் குறை, எழுத்து உங்கள் கையைப் பார்க்க முடியாது என்பதுதான். விடை தெரிந்த எண்ணில் தொடங்கும் பழக்கம் அந்தக் குறையின் பெரும்பகுதியை ஈடுசெய்கிறது.

கணினியில் பூட்டின் இயக்கத்தைக் காட்டும் மென்பொருள்கள், வரைபடத்தைப் படிக்கும் தர்க்கத்தைப் பழக உதவும். எந்தச் சக்கரத்தின் வெட்டு என்று பிரித்தறியும் சோதனையில்தான் பலர் குழம்புகிறார்கள்; அதை மென்பொருளில் பலமுறை செய்துபார்ப்பது நேரத்தை மிச்சப்படுத்தும். விரலின் நடுக்கமும் கண்ணின் சாய்வும் அதில் இல்லை என்பதால், அதை மட்டும் நம்பிப் பழகியவர் உண்மையான டயலின் முன் திணறுவார். துணையாகக் கொள்ளலாம், மாற்றாகக் கொள்ளக் கூடாது.

பூட்டுத் திறப்புச் சங்கங்களில் பெரும்பாலோர் சாவிப்பூட்டுகளில் ஈடுபாடு கொண்டவர்கள்; பெட்டக எண்பூட்டு தெரிந்தவர் ஒருவரோ இருவரோ இருந்தாலே அதிகம். இருந்தாலும் சங்கம் தரும் ஒரு நன்மையை வேறெங்கும் பெற முடியாது: உங்கள் பூட்டுக்கு வேறொருவர் எண் வைத்து, அதை எழுதி உறையில் ஒட்டித் தருவார். தெரிந்த எண்ணிலிருந்து தெரியாத எண்ணுக்கு மாறும் கட்டத்தில் இதுதான் தேவை. சங்கம் அருகில் இல்லாதவர் வீட்டிலுள்ள ஒருவருக்கு எண் மாற்றும் முறையைக் கற்பித்துவிடலாம். மாற்றிய பிறகு தாழ்ப்பாள் சரியாக இயங்குகிறதா என்று மூன்று முறையாவது அவர் திருப்பிப் பார்த்துவிட்டே உறையை ஒட்ட வேண்டும். இல்லாவிட்டால் பிழையாக மாறிய எண்ணை நீங்கள் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

இறுதியாக, டயலைத் தானாகத் திருப்பும் இயந்திரம் கட்டுவது. முன்சொன்ன 51,200 சேர்க்கைகளையும் ஒன்றுக்குப் பத்து விநாடி வீதம் முயன்றால் ஏறக்குறைய 142 மணி நேரம், அதாவது ஆறு நாள் ஆகும். முதலிரு சக்கரங்களை நிறுத்திவிட்டு மூன்றாவதை மட்டும் நகர்த்தும் வரிசையில் முயன்றால் இது வெகுவாகக் குறையும். மோட்டாரும் மின்சுற்றும் நிரலும் விரும்புகிறவருக்கு இது நிறைவான வேலை. ஆனால் முடிவில் அவர் இயந்திரம் கட்டக் கற்றிருப்பார், பூட்டைப் படிக்கக் கற்றிருக்க மாட்டார். எது வேண்டும் என்பதை முன்கூட்டியே தமக்குள் தெளிவுபடுத்திக்கொண்டால் ஏமாற்றம் இராது.

நான் பரிந்துரைக்கும் சேர்க்கை

தனியாக விற்கும் குரூப் 2 பூட்டு ஒன்று, இலவச எழுத்துகள், கட்டத்தாள், எண் வைத்துத்தர ஒருவர்: தொடக்கத்துக்கு இவை போதும். ஆனால் இந்தத் தேர்வின் பலன் முழுவதும் பூட்டைப் பொருத்தும் விதத்தைப் பொறுத்தது என்பதால் அதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். பலகை அசையக் கூடாது. எட்டில் ஒரு கோட்டு வேறுபாட்டைத் தேடும்போது பலகை சிறிதளவு சாய்ந்தாலும் டயலுக்கும் குறியீட்டுக்கும் உள்ள உறவு மாறி, அன்றைய நாற்பது அளவீடுகளும் வீணாகும். கனமான அடிப்பாகத்தில் செங்குத்தாகத் திருகி நிறுத்துவதோ, மேசை விளிம்பில் பிடிப்பானால் இறுக்குவதோ நல்லது. டயல் உட்கார்ந்த நிலையில் கண்ணுக்கு நேராக இருக்க வேண்டும்; மேலிருந்து பார்த்தால் கோடு இடம் மாறித் தெரியும். ஒரே திசையிலிருந்து விழும் விளக்கொளியும், கண்ணாடிப் பெருக்கியும் உதவும். தொடுபுள்ளியை எப்போதும் ஒரே மெல்லிய அழுத்தத்தில் நெருங்க வேண்டும். அழுத்திப் பிடித்தால் மூக்கு சரிவில் ஏறிவிட, எண் தள்ளிப்போகும். களைப்பு வந்ததும் எழுந்துவிடலாம். தாளில் எங்கே நிறுத்தினோம் என்று குறித்துக்கொண்டால் போதும்.

மூடியைக் கழற்றிச் சக்கரங்களைப் பார்க்க விரும்புவோர், முதலில் அந்த மாதிரிக்கான தயாரிப்பாளரின் குறிப்பைப் படிக்க வேண்டும். மூடி பெயர்க்கப்பட்டால் தாழ்ப்பாளை முடக்கும் காப்பு உறுப்பு பல பூட்டுகளில் மூடியைச் சார்ந்தே அமைந்திருக்கிறது. எண் மாற்றும் சாவியும் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும்; ஒன்றின் சாவியை மற்றொன்றில் திணித்துத் திருப்பினால் சக்கரம் பழுதாகும்.

முதல் பூட்டைத் தெரியாத எண்ணில் திரும்பத் திரும்பத் திறக்க முடிந்த பிறகு, அடுத்த செலவு எதற்கு என்ற கேள்வி எழும். அதே மாதிரியில் இன்னொன்று வாங்குவதைவிட வேறு நிறுவனத்தின் குரூப் 2 பூட்டை, எடுத்துக்காட்டாக லகார்ட் 3330ஐ, வாங்குவதே பயனுள்ளது. சக்கரங்களின் வேலைப்பாடும் நெம்புகோலின் அமைப்பும் மாறும்போது, முதல் பூட்டில் விதி என்று நினைத்திருந்த சில அந்தப் பூட்டின் தனிப்பழக்கங்களே என்பது தெரியவரும். 2எம் பூட்டுக்கு அதன் பிறகே செல்லலாம். அங்கே வரைபடத்தில் பொய்யான நெருக்கங்கள் தோன்றக்கூடும். உண்மையானது எது என்று ஒவ்வொன்றாகச் சோதித்துத் தள்ள வேண்டியிருக்கும். அந்தப் பொறுமைக்கு வேண்டிய நம்பிக்கை, தெரிந்த எண்ணில் எடுத்த பழைய தாள்களிலிருந்துதான் வரும். ஆகவே முதல் பூட்டின் வரைபடங்களை நாளிட்டு ஒரு கோப்பில் சேர்த்துவைப்பதும் இந்தச் செலவுத் திட்டத்தில் சேர வேண்டியதே.